எங்க ஊரு கடைசி அம்பாசிடர்

(1)


ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

அம்பாசிடர் கார் ஒண்ணு ரோட்டுல ஓடுறதை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?

நிக்கிறதை இல்ல... ஓடுறதை. கல்யாண ஊர்வலம், சினிமா ஷூட்டிங் எல்லாம் கணக்குல சேராது. சாதாரணமா ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்து எங்கேயோ போற அம்பாசிடர்.

ஞாபகம் வரலையா? எனக்கும் வரல. தெருவுக்கு ஒண்ணு நின்ன வண்டி எந்த நாள்ல காணாமப் போச்சுன்னு நம்ம யாருக்குமே தெரியாது. அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதுறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க. கடைசியில ஒரு டாக்டரா உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு.

(2)
எங்க ஊர் வட்டக்கோட்டைப் பக்கம். கன்னியாகுமரியில இருந்து அஞ்சாறு கிலோமீட்டர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்துல, குளச்சல் போர்ல (1741) பிடிபட்டு அப்புறம் அவருக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் எடுத்துக் கட்டின கடற்கரைக் கோட்டை இங்கேதான் இருக்கு. பேர்லதான் வட்டம், மதில் சதுரிச்சுத்தான் இருக்கும்.

போன மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோட்டைக்குப் போற வழியில ஒரு வேப்பமரத்தடியில வெள்ளை அம்பாசிடர் ஒண்ணு நிக்குது. டயர்ல காத்து இல்ல. பானெட் மேல வேப்பம்பூ கொட்டிக் கிடக்கு.

என் மகன் கேட்டான்: "அப்பா, இது என்ன கார்?"

அவனுக்கு ஏழு வயசு. ரோட்டுல போற வண்டி எல்லாத்துக்கும் பேர் சொல்லுவான். இதுக்கு மட்டும் தெரியல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அந்த வண்டி அங்க நிக்கிறதுக்கு நானும் ஒரு காரணம்.

அது எப்படின்னு பின்னாடி சொல்றேன். முதல்ல வண்டி எங்கே இருந்து வந்துச்சுன்னு பார்ப்போம்.

(3)
அம்பாசிடர் நம்ம ஊர் வண்டின்னு நினைச்சுட்டு இருக்கோம். பிறப்பு இங்கிலாந்து.

1942ல் பி.எம்.பிர்லா இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். முதல்ல குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்தது. 1948ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவுக்கு மாறியது. கொல்கத்தாவுக்குப் பக்கம்தான். அந்த இடத்துல இருக்கிற ரயில் நிலையத்துக்கே 'ஹிந்த் மோட்டார்'னு பேர்.

இங்கிலாந்தின் மோரிஸ் கம்பெனி கார்களை உரிமம் வாங்கி இங்கே செய்தார்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசை இங்கே 'லேண்ட்மாஸ்டர்' ஆனது. அடுத்து வந்த மூன்றாம் வரிசைதான் 1957-58ல் 'அம்பாசிடர்' ஆனது.

வேடிக்கை என்னன்னா, இங்கிலாந்துல அந்த மாடலை 1959லேயே நிறுத்திட்டாங்க. பிறந்த வீட்டுல மூணு வருஷம்தான். புகுந்த வீட்டுல ஐம்பத்தாறு வருஷம் வாழ்ந்துச்சு!

(4)
இதுல எங்க மாவட்டத்துக்கு ஒரு பொருத்தம் இருக்கு.

1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் நாங்க திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அன்னிக்குத்தான் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோட சேர்ந்தது. அடுத்த வருஷமே அம்பாசிடர். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

அரசு பஸ் எங்க பக்கம் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. 1938லேயே திருவிதாங்கூர் அரசு போக்குவரத்து தொடங்கி, திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரோட்டுல பஸ் ஓடுச்சு. ஆனா கார்? அது ஜமீன், வக்கீல், எஸ்டேட் முதலாளி வீட்டு விஷயம். எங்க பாட்டி கடைசி வரைக்கும் காருக்கு 'பிளசர்'னுதான் சொல்லுவா.

அந்தப் 'பிளசரை' எங்க மாதிரி வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது வாடகை அம்பாசிடர்தான்.

(5)
"எல்லாரும் ஏன் அம்பாசிடரே வாங்கினாங்க? அவ்வளவு நல்ல வண்டியா?"

நல்ல வண்டிதான். ஆனா உண்மையான காரணம், வேற வண்டி கிடையாது.

விடுதலைக்குப் பிறகு, கார் செய்யணும்னா அரசு உரிமம் வேணும். எத்தனை செய்யலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. வெறும் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாம் 1950களின் நடுவிலேயே கிளம்பிவிட்டன. மிஞ்சியது மூணு பேர்.

கொல்கத்தாவுல அம்பாசிடர்.
மும்பையில ஃபியட் (பின்னாடி பிரீமியர் பத்மினி).
நம்ம சென்னையில ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

பணத்தைக் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். பழைய வண்டிக்கே மவுசு. போட்டியே இல்லாதப்போ மாத்த வேண்டிய அவசியம் என்ன? மார்க் 2, மார்க் 3, மார்க் 4னு பேர் மாறிச்சு. முன்பக்க கிரில் மாறிச்சு. உடம்பு அதேதான்.

(6)
ஆனா குறை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நியாயம் இல்ல.

குண்டும் குழியுமான ரோட்டுக்கு அந்த வண்டி பிறந்த மாதிரி இருக்கும். தரையில இருந்து நல்ல உயரம். பின்னாடி லாரி மாதிரி ஸ்பிரிங் பட்டை. ஸ்டியரிங் பக்கத்துலயே கியர் ராடு. அதனால முன்சீட்டு ஒரே நீட்டு பெஞ்ச். முன்னால மூணு பேர், பின்னால நாலு பேர், மடியில குழந்தைகள், டிக்கியில அண்டா குண்டா. ஒரு கல்யாண வீடே உள்ள போயிடும்.

வழியில நின்னா? ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் கம்பி இருந்தா போதும். கம்ப்யூட்டர் வேண்டாம். ஊருக்கு ஒரு மெக்கானிக், பட்டறைக்கு ஒரு டிங்கர். உடைஞ்ச பாகத்தை லேத்துல கடைஞ்சே போட்டுடுவாங்க.

பெட்ரோல் வண்டி குடிக்கிற குடிதான் தாங்காது. அதுக்கும் 1980 வாக்குல டீசல் அம்பாசிடர் வந்துச்சு. இந்தியாவின் முதல் டீசல் கார் அதுதான். டாக்சி ஸ்டாண்டு முழுக்க அம்பாசிடர் ஆனது அதுக்கப்புறம்தான்.

(7)
இப்போ மாமா கதைக்கு வர்றேன்.

சொந்த மாமா இல்ல. எங்க தெருவுல வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டினவர். ஊர்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் மாமாதான். அவர் பிறந்தது 1957. (அவரோட அனுமதி வாங்கித்தான் இதை எழுதுறேன். பேர் மட்டும் வேண்டாம்னார்.)

1989ல் ஒரு மழை ராத்திரி. எங்க அம்மாவுக்கு இடுப்புவலி. ஊர்ல மருத்துவச்சி பார்த்துட்டு, "இது நம்ம கையில இல்ல, நாகர்கோவிலுக்குக் கொண்டு போயிருங்க"ன்னுட்டா. போன் கிடையாது. அப்பா சைக்கிளை மிதிச்சுக்கிட்டு போய் மாமா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கார்.

பின்சீட்டுல அம்மாவைப் படுக்க வெச்சு, பாட்டி மடியில தலையை வெச்சு, கொட்டாரம், சுசீந்திரம் வழியா இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்துல ஆபரேஷன். நான் பிறந்தேன்.

காலையில அப்பா வாடகை கொடுக்கப் போனா மாமா வாங்கலையாம். "பிள்ளைப்பேறுக்கு ஓடின ஓட்டத்துக்கு காசு வாங்க மாட்டேன் பாத்துக்கிடுங்க"ன்னாராம்.

(8)
இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. பாம்புக்கடி, பிரசவம், நெஞ்சுவலி, கிணத்துல விழுந்தது... அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் ஆம்புலன்ஸ் அந்த வாடகை அம்பாசிடர்தான். பெரிய கேஸ்னா எங்க பக்கத்துல திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் அதுலதான் போகணும். ஆசாரிப்பள்ளத்துல எங்க மாவட்டத்துக்குன்னு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2001லதான்.

ஆனா டாக்டரா ஒண்ணு சொல்லியாகணும். பின்சீட்டு நீளமா இருந்தா அது ஆம்புலன்ஸ் ஆகிடாது. ஆக்சிஜன் கிடையாது. ரத்தப்போக்கைக் கவனிக்க ஆள் கிடையாது. முதுகெலும்பு உடைஞ்சவரை மடக்கி ஏத்தினா, நடக்க வேண்டியவர் படுக்கையில விழுந்துடுவார். அந்த வண்டியில பிழைச்சவங்க கதைதான் நமக்குத் தெரியும். பிழைக்காதவங்க கதையை யாரும் திண்ணையில உட்கார்ந்து சொல்றதில்ல.

2008 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் தொடங்கியது. 2001-03ல் நம்ம மாநிலத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54 ஆகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையம், செவிலியர், ரத்த வங்கி, 108... எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது.

அதனால அம்பாசிடர் போனதுக்கு முழுசா அழ என்னால முடியாது.

(9)
சரி, அது எப்படிப் போச்சு? ஒரே அடியில விழல. நாள்பட்ட நோய் மாதிரி, படிப்படியா.

முதல் அடி: 1983 டிசம்பர். மாருதி 800. சின்ன வண்டி, லேசான எடை, ஜப்பான் சுசூகி என்ஜின், சாவியைத் திருப்பினா உடனே ஸ்டார்ட். பொம்பளைங்களும் ஈசியா ஓட்டலாம். வாத்தியார், பேங்க் ஊழியர் வீட்டு வாசல்ல எல்லாம் மாருதி நிக்க ஆரம்பிச்சுது. குடும்பக் காருங்கிற இடம் அம்பாசிடர் கையை விட்டுப் போச்சு.

அப்பவும் அம்பாசிடர் சாகல. டாக்சி, அரசாங்கம்னு ரெண்டு கால்ல நின்னுச்சு. 1980களின் நடுவில் வருஷத்துக்கு சுமார் 24,000 வண்டி விற்றது.

(10)
இரண்டாவது அடி: 1993ல் கார் தயாரிக்க உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அரசு எடுத்தது. உலகக் கம்பெனிகள் உள்ளே வந்தன. நம்ம திருப்பெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலை நகரில் ஃபோர்டு. 1998ல் சான்ட்ரோ. அதே வருஷக் கடைசியில் டாடா இண்டிகா.

டாக்சிக்காரங்களைக் கேட்டா இண்டிகாவைத்தான் கை காட்டுவாங்க. டீசல், ஏசி, நல்ல மைலேஜ், அம்பாசிடர் மாதிரியே உள்ள இடம். கூடவே சுமோ, குவாலிஸ். டூரிஸ்ட் வந்து நின்னா "ஏசி இருக்கா?"ங்கிறதுதான் முதல் கேள்வி. கன்னியாகுமரி மாதிரி ஊர்ல அந்த ஒரு கேள்வியே அம்பாசிடரை ஸ்டாண்டுல கடைசி வரிசைக்குத் தள்ளிடுச்சு.

இன்னொரு வேடிக்கை பாருங்க. அதே 1998ல் இந்துஸ்தான் மோட்டார்ஸும் நம்ம திருவள்ளூர்ல ஒரு தொழிற்சாலை தொடங்கியது. அங்கே செய்தது அம்பாசிடர் இல்ல... மிட்சுபிஷி லான்சர்!

(11)
மூன்றாவது அடி: அரசாங்கம்.

வெள்ளை அம்பாசிடர், மேல சுழல்விளக்கு. பிரதமர்ல இருந்து கலெக்டர் வரைக்கும் அதுதான். எம்.ஜி.ஆர் பயன்படுத்தின 4777 நம்பர் அம்பாசிடரை சென்னை தி.நகர் நினைவு இல்லத்துல இன்னிக்கும் பார்க்கலாம்.

2001 டிசம்பர் 13, நாடாளுமன்றத்தைத் தாக்க வந்த தீவிரவாதிகள் எதுல வந்தாங்க தெரியுமா? உள்துறை ஸ்டிக்கர் ஒட்டின வெள்ளை அம்பாசிடர்ல. அதைப் பார்த்தா யாரும் நிறுத்த மாட்டாங்கங்கிற நம்பிக்கை. 2003ல் பிரதமர் வாஜ்பாய் குண்டு துளைக்காத பி.எம்.டபிள்யூவுக்கு மாறினார். மேலே மாறினா கீழேயும் மாறும். அதிகாரிகள் ஒவ்வொருத்தரா வேற வண்டிக்குப் போயிட்டாங்க.

(12)
நான்காவது அடி: புகை.

2010 ஏப்ரலில் சென்னை, கொல்கத்தா உட்பட 13 பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தது. அம்பாசிடர் டீசல் என்ஜின் அதுக்குத் தயாராக இல்லை. தன்னோட சொந்த ஊரான கொல்கத்தாவிலேயே புது டாக்சியா விற்க முடியாத நிலை. 2013ல் என்கோர்னு ஒரு மாடலைத் தயார் பண்ணி விட்டாங்க. அதுக்குள்ள காலம் கடந்துடுச்சு.

2013-14ல் மொத்த வருஷ விற்பனையே 2,500க்கும் கீழே.

2014 மே 24. உத்தர்பாரா ஆலையில் வேலை நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு. சுமார் 2,600 தொழிலாளர்கள். அந்த வருஷம் ஜனவரியிலேயே மாருதி 800 தயாரிப்பும் நின்றுவிட்டது. அடிச்சவனும் அடிபட்டவனும் ஒரே வருஷத்துல போய்ச் சேர்ந்தாங்க.

2017ல் 'அம்பாசிடர்' என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

(13)
"அது சரி டாக்டர், ஃபேக்டரியை மூடினா புது வண்டி வராது. ஏற்கெனவே இருந்த வண்டி எல்லாம் எங்க போச்சு?"

நல்ல கேள்வி. இதை மருத்துவ முறையிலேயே சொல்றேன்.

ஒரு ஊர்ல இனி குழந்தையே பிறக்கலைன்னு வெச்சுக்கங்க. ஊர் உடனே காலியாகாது. இருக்கிறவங்க இருப்பாங்க. ஆனா வருஷா வருஷம் சராசரி வயசு ஏறும். நாற்பது வயசுக்காரர் ஊர் ஐம்பது ஆகும், அறுபது ஆகும். அப்புறம் ஒரு பத்து வருஷத்துல திடீர்னு நிறைய வீடு பூட்டிக் கிடக்கும். கார் மாடலும் அப்படித்தான்.

சட்டமும் அதே வயசுல வந்து நிக்கும். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாய் ஆனது. 2023 ஏப்ரலில் இருந்து 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவே புதுப்பிக்கக் கூடாது என்று விதி வந்தது. அரசு ஆபீஸ் வளாகங்கள்ல மிச்சம் இருந்த வெள்ளை அம்பாசிடர்கள் அத்தோட சரி.

மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. டாக்சிக்கு அங்கே 20 வருஷம்தான் ஆயுள். 2023 அக்டோபரில் அதுவும் ரோட்டை விட்டு இறங்கியது. நாள் குறிச்சு வழியனுப்பின கார் அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

(14)
ஆனா வயசும் சட்டமும் மட்டும்தான் காரணம்னா கியூபாவைப் பாருங்க. 1950களின் அமெரிக்க கார்கள் அங்கே இன்னும் டாக்சியா ஓடுது. ஏன்? புது வண்டி வாங்க வழியில்ல. அதனால பழுது பார்க்கிற கை அங்கே சாகல.

இங்கே நடந்தது நேர் எதிர். புது வண்டி வந்துச்சு. பழைய மெக்கானிக்கோட மகன் ஷோரூம் சர்வீஸுக்கு வேலைக்குப் போயிட்டான். இன்னும் சில பேர் வளைகுடா நாட்டுக்குப் போயிட்டாங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் போன்ல, "அந்த ஐட்டம் வர்றதில்லண்ணே"ன்னு சொல்ல ஆரம்பிச்சார். ஒரு சின்ன வாட்டர் பம்புக்காக மாமா மதுரை வரைக்கும் போய் வந்திருக்கார்.

ஒரு பொருள் தேய்ஞ்சதால மட்டும் மறையறதில்ல. அதைச் சரி பண்ணத் தெரிஞ்சவர் மறையும்போதுதான் நிஜமா மறையுது.

(15)
இங்க ஒரு இடைச்செருகல். ரொம்ப முக்கியம்.

"அந்தக் கால அம்பாசிடர் இரும்பு! இடிச்சா லாரிக்குத்தான் அடி. இப்போ வர்ற வண்டி எல்லாம் தகரம், பப்படம் மாதிரி நொறுங்குது."

இதைச் சொல்லாத மனுஷரே கிடையாது. விபத்துப் பிரிவுல வேலை பார்க்கிறவனா சொல்றேன். இது தப்பு.

வண்டி 60ல போகுதுன்னா உள்ளே இருக்கிற உங்க உடம்பும் 60ல போகுது. வண்டி மோதி சட்டுனு நின்னா, உடம்பு நிக்காது. ஸ்டியரிங்குல நெஞ்சு, கண்ணாடியில தலை. புது வண்டியோட முன்பக்கம் நொறுங்குறது குறை இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அது நொறுங்கி நொறுங்கி, நிக்கிற நேரத்தைக் கொஞ்சம் நீட்டுது. அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்க கல்லீரலையும் மூளையையும் காப்பாத்துது. வண்டி நொறுங்கலைன்னா, அந்த அடியை நீங்கதான் வாங்கணும்.

மூணு இடத்துல பிடிக்கிற சீட் பெல்ட்டை வோல்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் 1959ல் கொண்டு வந்தார். அதை யார் வேணும்னாலும் செய்யலாம்னு கம்பெனி காப்புரிமையைத் திறந்து விட்டது. அம்பாசிடருக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஆனா இந்தியாவில் கார்களுக்கு முன்சீட் பெல்ட் கட்டாயம் ஆனது 1994ல். டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனது 2019ல். நடுவுல எத்தனை உயிர் போயிருக்கும்...

பழசு மேல பாசம் இருக்கலாம். பெல்ட் போடாம இருக்கக் கூடாது.

(16)
மாமா வண்டிக்கு வருவோம்.

என்னைச் சுமந்த அந்த வண்டியை அவர் எப்பவோ வித்துட்டார். இப்போ மரத்தடியில நிக்கிறது 1998 மாடல். வாடகை ஓட்டம் குறைஞ்சதும் அதைச் சொந்த உபயோகத்துக்கு மாத்திட்டார். 2013, 2018, 2023னு மூணு தடவை பதிவைப் புதுப்பிச்சிருக்கார். கடைசித் தடவை அந்த 5,000 ரூபாயையும் கட்டி. மகன், "அப்பா, ஒரு ஆல்ட்டோ வாங்கித் தர்றேன்"னு எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டான். கேட்கல.

வண்டி ஓடிட்டுதான் இருந்துச்சு. அஞ்சுகிராமம் சந்தை, சுசீந்திரம் தேர், பேத்தியை ஸ்கூல்ல விடுறது.

போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்துச்சு. வயசானவங்களுக்கு மருத்துவச் சான்று வேணும். படிவம் 1ஏ. பதிவு பெற்ற டாக்டர் பரிசோதிச்சு கையெழுத்துப் போடணும்.

நான் ஊருக்கு வந்திருந்த சமயம் பார்த்து படிவத்தோட வந்துட்டார். "மக்கா, இதுல ஒரு ஒப்பு போட்டுத் தா."

(17)
ஒரு நிமிஷ வேலை. யாரும் கேட்கப் போறதில்ல. இவர் இல்லைன்னா நானே இல்ல.

இருந்தாலும் பழக்க தோஷம். "மாமா, சும்மா ஒரு தடவை பார்த்துடுறேன்"னேன்.

25 மீட்டர் தூரத்துல ஒரு வண்டி நம்பர் பிளேட்டைக் காட்டினேன். கடகடன்னு படிச்சுட்டார். சிவப்பு, பச்சை ரெண்டும் சரியாச் சொன்னார். பிரஷர் பரவாயில்ல. சுகர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறார். பேனாவைத் திறந்தாச்சு.

அப்புறம் ஏனோ எதிர்ல உட்கார வெச்சேன். "என் மூக்கையே பாருங்க மாமா. பக்கத்துல என் விரல் ஆடுறது தெரிஞ்ச உடனே சொல்லுங்க."

விரலை ஆட்டிக்கிட்டே வலது பக்கத்துல இருந்து உள்ளே கொண்டு வந்தேன்.

அவர் ஒண்ணும் சொல்லல.

இன்னும் உள்ளே. இன்னும் உள்ளே. என் காது பக்கத்துல விரல் வந்த பிறகுதான், "ம்... தெரியுது"ன்னார். இடது பக்கமும் அதே கதை.

பேனாவை மூடிட்டேன்.

(18)
கண் மருத்துவர்கிட்ட அனுப்பினேன். கண் அழுத்தம், பார்வைப் புலம், நரம்பு எல்லாம் பார்த்தாங்க. கிளாக்கோமா. ரெண்டு கண்ணும். நாள்பட்டது.

இந்த நோயோட தந்திரமே இதுதான். நடுப்பார்வையைத் தொடாது. பேப்பர் படிக்கலாம், நம்பர் பிளேட் தெரியும், ஆள் முகம் தெரியும். ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுட்டு வரும். வலி இல்ல, சிவப்பு இல்ல. மிச்சத்தை மூளையே இட்டு நிரப்பிக்கும். அதனால குறையுறதே தெரியாது. ஒரு குழாய் வழியா பார்க்கிற நிலைமைக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரியும். போன பார்வை திரும்பி வராது. மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான்.

அவர் ரோட்டுல ஓட்டும்போது, சந்துல இருந்து ஓடி வர்ற குழந்தை அவர் கண்ணுல படாது. அவர் பேத்தி வயசுக் குழந்தை. என் மகன் வயசுக் குழந்தை.

அதனால நான் ஒப்பு போடல.

(19)
அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மரணச் செய்தி சொல்லிப் பழகின வாய் இது. அன்னிக்கு வரல.

"மாமா, இனி நீங்க வண்டி ஓட்ட வேண்டாம்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "நாப்பது வருஷத்துல ஒரு ஆள் மேல முட்டினது இல்ல மக்கா. தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா. அப்படியே இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

படிவத்தை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி, "உங்க அம்மையைக் கொண்டு போன ராத்திரி நல்ல மழை. வைப்பரு வேலை செய்யல. தலையை வெளிய நீட்டித்தான் ஓட்டினேன்"ன்னார். அவ்வளவுதான். கோபமா, வருத்தமா எனக்குத் தெரியல.

வண்டியை அன்னிக்கு அந்த வேப்பமரத்தடியில விட்டது. மகனுக்கு அந்த கியர் பிடிபடல. பழைய இரும்புக்காரர் ரெண்டு தடவை வந்து விலை கேட்டுட்டுப் போயிட்டார். மாமா கொடுக்கல.

(20)
அதனாலதான் சொந்தங்களே, "இது என்ன கார்?"னு மகன் கேட்டப்போ எனக்குச் சட்டுனு பதில் வரல.

மாருதி வந்தது, இண்டிகா வந்தது, புகை விதி வந்தது, ஃபேக்டரி மூடினது எல்லாம் வரலாறு. ஆனா எங்க ஊரு ரோட்டுல கடைசி அம்பாசிடர் நின்னது என் பேனாவை மூடினப்போ. வண்டியில கோளாறு இல்ல. ஓட்டினவர் கண்ணுலதான் கோளாறு.

பக்கத்துலயே கோட்டை நிக்குது. அதுக்கும் இப்போ வேலை கிடையாது. எந்தப் படையும் கடல் வழியா வரப் போறதில்ல. ஆனா தொல்லியல் துறை போர்டு வெச்சு, புல் வெட்டி, பார்த்துக்குது. கருங்கல்லுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு. வாடகைக் காருக்கு இல்ல. அதை ராத்திரி எழுந்து ஓட்டினவங்களுக்கும் இல்ல. அவங்களுக்கு பென்ஷனும் இல்ல, போர்டும் இல்ல.

மகனைத் தூக்கி பானெட் மேல உட்கார வெச்சு, "இது அம்பாசிடர். அப்பா பிறக்கிறதுக்கு முன்னாடியே இந்த மாதிரி வண்டியிலதான் ஆஸ்பத்திரி போனேன்"னு சொன்னேன். மாமா திண்ணையில இருந்து, "பெயிண்டு போயிரும், எறக்கு"ன்னு சத்தம் போட்டார்!

(21)
இனி டாக்டரா நான் கேட்கிறது.

⏩ நாற்பது வயசு தாண்டினவங்க, கண்ணு நல்லாத் தெரியுதுன்னாலும் கண் மருத்துவர்கிட்ட ஒருமுறை கண் அழுத்தமும் கண் நரம்பும் பாருங்க. அதுக்கப்புறம் அவர் சொல்ற இடைவெளியில பாருங்க.

⏩ அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது கிளாக்கோமா இருந்தா உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். தள்ளிப் போடாதீங்க.

⏩ சுகர் இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

⏩ கண்ணாடிக் கடையில பவர் பார்க்கிறது மட்டும் கண் பரிசோதனை ஆகாது. அரசு மருத்துவமனை கண் பிரிவில் இலவசமா பார்க்கலாம்.

⏩ வீட்டுல வயசானவர் வண்டி ஓட்டினா, லைசென்ஸ் சான்றுக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்காதீங்க. பரிசோதனை பண்ணச் சொல்லுங்க. என் மாதிரி டாக்டர்களுக்கும் இதையே சொல்றேன்.

⏩ ஓட்டக் கூடாதுன்னு முடிவானா, அவரை வீட்டுல உட்கார வெச்சுடாதீங்க. அவர் போக வேண்டிய இடத்துக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க. அவர் உங்களைக் கூட்டிட்டுப் போன மாதிரி.

மாமா இப்போ தினமும் ராத்திரி சொட்டு மருந்து விடுறார். மிச்சப் பார்வை அப்படியே நிக்குது. போன வாரம் செக்கப்புக்கு என் வண்டியில கூட்டிட்டுப் போனேன். முன்சீட்ல உட்கார்ந்து, "கியரை மாத்துடே, வண்டி இழுக்குது பாரு"ன்னு வழி நெடுக சொல்லிட்டே வந்தார். வாடகை எவ்வளவுன்னும் கேட்டார்.

பிள்ளைப்பேறுக்கு ஓடின ஓட்டத்தைச் சொல்லி, நானும் வாங்கலன்னேன்.

உங்க வீட்டு அம்பாசிடர் கதை இருந்தா எழுதுங்க. அதை ஓட்டினவர் இன்னும் இருந்தா, போய் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.